ஆபீசில் இருக்கிறது உடம்பு, மனசு எங்கே?

கேள்வி: காலை ஒன்பதுக்கே ஆபீஸ் வந்துவிடுகிறேன். சாயங்காலம் பார்த்தால் முக்கியமான வேலை மட்டும் அப்படியே கிடக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகர், ஈரோடு)

பதில்: ‘ஒரு நிமிஷம்தான்’ என்று வாட்ஸ்அப்புக்குப் போனால், திரும்பி வருவது கண் மட்டும்தான். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதைத்தான். ஆகவே, காலையில் முதல் ஒரு மணி நேரத்தைக் கஷ்டமான வேலைக்கே கொடுங்கள். போன் பைக்குள் போகட்டும். மேஜையில் கவிழ்த்து வைத்தால் கை சும்மா இருக்காது! மேலதிகாரி கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். எழுவதற்கு முன், அடுத்து செய்ய வேண்டியதை ஒரு வரியில் குறித்துவிடுங்கள். மெயில்களைப் பதினொரு மணிக்குப் பார்க்கலாம். நிஜமான அவசரம் என்றால் அனுப்பியவர்களே உங்கள் மேஜைக்கு வந்து நிற்பார்கள்.