பாதாள ரயில் பண்டிதர்

பாதாள ரயில் பண்டிதர் என்பவர் லண்டன் மாநகரில் எல்லாப் பருவங்களிலும் காணப்படும் ஒருவகை மனிதர். தொழிலால் இவர் கணக்கராகவோ பல் மருத்துவராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம். ரயில் நிர்வாகத்தில் வேலை பார்ப்பவராக மட்டும் பெரும்பாலும் இருக்க மாட்டார். அங்கே வேலை பார்ப்பவருக்குப் பணி நேரம் முடிந்தபின் ரயில் பேச்சே ஆகாது. பண்டிதருக்கோ வேறு பேச்சே கிடையாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எந்த லைனில் போவது, எங்கே மாறுவது, எந்தப் பெட்டியில் ஏறுவது என்பதில் கரைகண்டவர். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

இவர் கற்றுத் தேறிய பாடம் சின்னதல்ல. உலகின் முதல் பாதாள ரயில் 1863 ஜனவரியில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே நீராவி எஞ்சினோடு ஓடியது. பயணிகள் புகையை விழுங்கிக்கொண்டே போனார்கள். ஆழத்தில் குடைந்த குழாய்ச் சுரங்கத்தில் மின்சார ரயில் 1890இல் வந்தது. அந்தக் காலத்தில் பல தனியார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு தோண்டின. எல்லாம் பிறகு ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்துவிட்டாலும் பழைய பங்காளிச் சண்டையின் தழும்புகள் மறையவில்லை. எட்ஜ்வேர் ரோடு என்ற பெயரில் இன்றும் இரண்டு நிலையங்கள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால் வெளியே வந்து தெருவில் நடக்க வேண்டும். தெரியாதவர் தவறான எட்ஜ்வேர் ரோட்டில் நண்பருக்காகக் காத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பண்டிதருக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது.

இன்று 11 லைன்கள், 272 நிலையங்கள், சுமார் 400 கிலோமீட்டர் நீளம். பெயர்தான் பாதாள ரயில், பாதிக்கு மேல் தரைக்கு மேலேதான் ஓடுகிறது என்பதைப் புதியவரிடம் முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவார். வடக்கு என்று பெயர் வைத்த நார்தர்ன் லைனில்தான் எல்லா நிலையங்களுக்கும் தெற்கே உள்ள மார்டன் இருக்கிறது என்பது இரண்டாவது. சர்க்கிள் லைன் 2009 டிசம்பரிலிருந்து முழு வட்டமாக ஓடுவதில்லை என்பது மூன்றாவது. நாலாவது வருவதற்குள் அனுபவசாலிகள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

பண்டிதருக்கும் சாதாரணப் பயணிக்கும் உள்ள வேறுபாடு வரைபடத்தின் முன்னால் தெரியும். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931இல் போட்டு, 1933இல் அச்சாகி மக்கள் கைக்கு வந்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. கோடுகள் நேராகவும் சாய்வாகவும் அழகாக ஓடும். தூரத்தைப் பற்றி மட்டும் அது கவலைப்படுவதில்லை. படத்தை நம்புபவர் பயணி, நம்பாதவர் பண்டிதர். பேஸ்வாட்டர், குவீன்ஸ்வே என்ற இரு நிலையங்கள் படத்தில் வெவ்வேறு லைன்களில் உட்கார்ந்திருக்கும். நிஜத்தில் இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன. லெஸ்டர் ஸ்கொயரில் ஒரு வெளியூர்க் குடும்பம் படத்தில் விரலை வைத்துக்கொண்டு கோவென்ட் கார்டனைத் தேடினால் போதும், பண்டிதர் பக்கத்தில் முளைத்துவிடுவார். "ரயில் எதற்கு? இரண்டுக்கும் நடுவே 260 மீட்டர்தான். நடந்துவிடுங்கள். அங்கே இறங்கி லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் ஏறினால் 193 படி" என்பார். சொல்வது முழுக்க உண்மை. ஆனால் குழந்தைகளுக்கு வேண்டியிருந்தது பாதாள ரயிலில் ஒரு சவாரி என்பது இவர் காதில் ஏறாது.

காலை எட்டரை மணிக்கு பிளாட்பாரத்தில் இவரைப் பார்க்க வேண்டும். கூட்டம் நுழைவாயிலருகே முண்டியடிக்க, இவர் மட்டும் நிதானமாக நடந்துபோய், பெஞ்சைத் தாண்டி, இரண்டாவது விளம்பரத் தட்டிக்கு நேரே மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் காலை ஊன்றுவார். அங்கே விளிம்பின் பெயிண்ட் கொஞ்சம் தேய்ந்திருக்கும். தினமும் கதவு திறக்கும் இடத்தின் அடையாளம் அது. ரயில் வரும். கதவு இவர் மூக்குக்கு நேரே திறக்கும். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் பக்கத்தில் நிற்பவர் இதைக் கவனித்தாரா என்று ஒரு பார்வை பார்ப்பார். இறங்கும்போதும் அப்படித்தான்: கதவு திறந்தால் எதிரே எஸ்கலேட்டர். கிரீன் பார்க்கில் ஜூபிலி லைனிலிருந்து பிக்கடில்லி லைனுக்கு மாறுவது ஒரு பாதயாத்திரை. ஆகவே தப்பித் தவறியும் அங்கே மாற மாட்டார். ஜூலை வெயிலில் ஏசி உள்ள டிஸ்ட்ரிக்ட், மெட்ரோபாலிடன் ரயில்களைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போவார். நூறாண்டுச் சூட்டைக் களிமண்ணில் சேர்த்து வைத்திருக்கும் சென்ட்ரல் லைன் பக்கம் போக மாட்டார்.

எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நிற்பது, இடப்பக்கம் நடப்பது என்ற வழக்கம் இவருக்கு மதம் மாதிரி. 2015 இறுதியில் ஹோல்பர்ன் நிலையத்தில் ஒரு சோதனை நடந்தது. அங்கே எஸ்கலேட்டர் நீளம். நடந்து ஏறுபவர் குறைவு. இடப்பக்கம் சும்மா கிடக்கிறது. இரு பக்கமும் நின்றால் கூடுதல் பேர் மேலே போகலாம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்குச் சரியாகவே வந்தது, நெரிசலும் குறைந்தது. பயணிகளுக்குத்தான் கோபம். அடுத்த ஆண்டு மறுபடி சில மாதங்கள் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். புள்ளிவிவரத்தைப் பண்டிதர் மறுப்பதில்லை. "இருந்தாலும் வலப்பக்கம்தான் நிற்க வேண்டும்" என்பார்.

பெட்டிக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடுவார். லண்டன் ரயிலில் அறியாதவரிடம் பேசுவது அநாகரிகம். 2016இல் ஒருவர், பேச விரும்புவோர் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் அச்சடித்துக் கொடுத்தார். நகரமே பதறியது, பேசாமல் இருக்கும் உரிமையைக் காக்க மாற்று பேட்ஜ்கள் முளைத்தன. இப்படிப்பட்ட ஊரில் முன்பின் தெரியாதவரோடும் தாராளமாகப் பேச அனுமதியுள்ள விஷயம் வானிலைக்கு அடுத்து வழிதான். விருந்துக்கு வந்தவரிடம் "எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டால் முழு விவரத்தையும் எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். கோட்டைக் கழற்றுமுன் எங்கே மாறினார் என்று சொல்லியாக வேண்டும்.

இந்த நோய் இனம் பார்ப்பதில்லை. ஈஸ்ட் ஹாமில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. டூட்டிங்கிலிருந்து வந்தவரை மண்டப வாசலிலேயே ஒரு யாழ்ப்பாணப் பெரியவர் பிடித்துக்கொள்வார்.

"எப்பிடி அண்ணை வந்தனீங்கள்?"

"நோதேர்ண் லைன்ல பாங்க் வந்து, அங்க டிஸ்ட்ரிக்ட் எடுத்தனான்."

"ஐயோ, ஏன் அவ்வளவு தூரம் உள்ளுக்க நடந்தனீங்கள்? லண்டன் பிரிட்ஜில ஜூபிலிக்கு மாறி, வெஸ்ட் ஹாமில இறங்கியிருக்கலாமே!"

"அப்ப ரெண்டு தரம் மாறவேணுமெல்லோ?"

உள்ளே ஆராத்தி முடிந்து பந்தி தொடங்கும்வரை இது போகும்.

கட்டண விஷயத்தில் பண்டிதர் இன்னும் நுட்பமானவர். ஆய்ஸ்டர் அட்டை 2003இல் வந்தது; 2014 முதல் பாதாள ரயிலில் வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம். நகரின் மையம் முதலாம் வளையம்; அதைத் தொட்டால் கட்டணம் கூடும், தொடாமல் சுற்றிப் போனால் குறையும். சுற்றித்தான் போனோம் என்பதை நிரூபிக்க ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் போன்ற சில மாறுநிலையங்களில் இளஞ்சிவப்புக் கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். கூட்டம் அதைக் கவனிக்காமலே கடந்து போகும். பண்டிதர் ஓரமாக ஒதுங்கி அட்டையை வைப்பார், 'பிப்' சத்தம் வந்ததா என்று தலையைச் சாய்த்துக் கேட்பார், பிறகுதான் நகர்வார். மிச்சமாவது சில்லறைதான். மேலே வந்ததும் ஒரு காப்பியில் அது போய்விடும்.

பஸ் பண்டிதர் என்பது இதன் கிளைச்சாதி. மாடியில் முன்வரிசை இருக்கைதான் இவர் சிம்மாசனம். 2014 ஜூலைக்குப் பிறகு லண்டன் பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை என்பதும், முதல் பஸ்ஸில் அட்டை தட்டி ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம்தான் என்பதும் இவர் சொத்து. பாதாளக்காரர் இவரைச் சற்று இளக்காரமாகத்தான் பார்ப்பார்.

பண்டிதர்களுக்குள் பிளவும் உண்டு. 2018 டிசம்பரில் வருவதாகச் சொல்லி 2022 மே மாதம் வந்த எலிசபெத் லைன் பாதாள ரயிலா இல்லையா என்பது தீராத வழக்கு. நிர்வாகத்தின் பட்டியலில் அது அந்த 11இல் சேராது. மூலவர் கூட்டம் அதை ஏற்றுக்கொள்வதே இல்லை, அகலப் பெட்டியும் ஏசியும் கண்டு மயங்கியவர்கள் "பட்டியலை யார் பார்த்தது?" என்கிறார்கள்.

கைப்பேசியில் வழிகாட்டும் செயலிகள் வந்த பிறகு இவ்வினம் அழிந்துவிடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். நடக்கவில்லை. எந்தப் பெட்டியில் ஏறினால் வெளியேறும் வழி அருகில் என்பதைக்கூடச் செயலி சொல்கிறது. பண்டிதர் அதையும் திறந்து பார்த்து, "தப்பு" என்கிறார். சில நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருந்துவிடுகிறது. இந்தப் பாண்டித்தியத்தால் ஒரு பயணத்தில் மிச்சமாவது இரண்டு நிமிடம்; அதை விவரிக்க ஆவது பத்து நிமிடம். இதில் நஷ்டம் கேட்பவருக்கே.

ஆகவே லண்டன் போகும் வாசகர்கள் இவரிடம் தயங்காமல் வழி கேட்கலாம், வழி பிழைக்காது. ராத்திரியில் கேட்பதானால் மட்டும் முதலில் மணியைப் பார்த்துக்கொள்வது நல்லது. வெள்ளி, சனி இரவுகளில் ஐந்து லைன்களில் மட்டும் விடிய விடிய ரயில் உண்டு. மற்ற நாள்களில் நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்துக்குள் கடைசி ரயில் போய்விடும்.