குனிஞ்சு பாரு மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. என்ன, தரையில முடியாதா? சரி, அந்தத் திண்ணையில ஏறிக்க. முப்பது தாண்டின பிள்ளையைத் தரையில உக்காரச் சொல்றது கொடுமைதான். மாமுவுக்கு எழுபத்தாறு ஆச்சு, அதனால நான் கீழயே உக்காந்துக்கறேன்.

இடுப்பு வலின்னு பெங்களூருல ஒரு டாக்டரைப் பாத்தியாமே, உங்கம்மா சொல்லுச்சு. தினம் இத்தனை தடவை குனி, இத்தனை தடவை நிமிருன்னு படம் போட்டு ஒரு தாளு குடுத்தாராம். அதுக்கு அவரு வாங்கின காசுல நம்ம சந்தையில ஒரு கிடாக்குட்டி பிடிக்கலாம். தப்பில்லை, வலிச்சா டாக்டரைத்தான் பாக்கணும். ஆனா குனியறதுக்கே இவ்வளவு கூலின்னா, நம்ம பள்ளிவாசல்ல இத்தனை வருசமா ஓசியில குனிஞ்சுக்கிட்டிருக்கிற கிழவனுங்களுக்கு யாரு மாப்ளே பாக்கி தர்றது?

ஒரு நாள் தொழுகைக்குக் கணக்குப் போடு, நீதான் கணக்குல புலியாச்சே. சுபுஹு 2, லுஹர் 4, அஸர் 4, மக்ரிப் 3, இஷா 4. கட்டாயமான பர்ளு மட்டும் 17 ரக்அத்து. ஒரு ரக்அத்துக்கு ஒரு ருகூவு, ரெண்டு சுஜூது. ஆக, ஒரு நாளைக்கு 17 தடவை இடுப்பு வளையுது, 34 தடவை நெத்தி தரையில படுது. முன்பின் சுன்னத்து 12, வித்ரு 3 சேத்தா 32 ரக்அத்து, 64 சுஜூது. வெள்ளிக்கிழமை மட்டும் தலையைக் காட்டிட்டுப் போற உன் மாதிரி ஆளுக்கு ஜும்ஆ 2 ரக்அத்து, வாரத்துக்கு 4 சுஜூது. அதுலயும் குத்பா முடியற நேரம் பாத்துத்தான் செருப்பைக் கழட்டுறே.

மாமு பட்டிக்காட்டான்தான். ஆனா பேத்தி போன்ல படிச்சுச் சொல்றதைக் கேக்கக் காது இருக்கு. பிரேசில் நாட்டுல 51 வயசுலேருந்து 80 வயசு வரைக்கும் 2,002 பேரைக் கூப்பிட்டு, தரையில உக்காந்து எந்திரிங்கன்னாங்களாம். 2012ல அதைக் கட்டுரையாப் போட்டாங்க. எதையும் பிடிக்காம எந்திரிச்சா முழு மார்க்கு. கையை ஊனினா கழியும், முட்டியை ஊனினா கழியும். சில வருசம் கழிச்சுப் பாத்தா, மார்க்குக் குறைஞ்சவங்களுக்குள்ளதான் மவுத்து அதிகமா இருந்திருக்கு. அதுல தொழுகைங்கிற பேச்சே கிடையாது, நானா சேத்துச் சொல்ல மாட்டேன். ஆனா அத்தஹியாத்து இருப்புல உக்காந்தவன் அடுத்த ரக்அத்துக்கு எந்திரிக்கிறான் பாரு, அது அந்தப் பரீட்சைதானே? ஹனஃபி வழக்கத்துல கையைத் தரையில ஊனாம, கால்விரல் பக்கம் பலம் குடுத்து எந்திரிக்கணும். காயல்பட்டணத்துப் பக்கம் ஷாஃபி மத்ஹபுக்காரங்க கையை ஊனித்தான் எந்திரிப்பாங்க. அவங்க தொழுகை அவங்களுக்குச் சரி, பிரேசில்காரன்தான் மார்க்கைக் கழிப்பான்.

இன்னொண்ணு கேளு. அமெரிக்காவுல பிங்ஹாம்டன் யுனிவர்சிட்டியில, கம்ப்யூட்டருக்குள்ளயே மனுசப் பொம்மை செஞ்சு, அதைக் குனிய வச்சு, நிமிர வச்சு, தொழ வச்சுப் பாத்திருக்காங்க. ருகூவும் சுஜூதும் சரியான கோணத்துல, முறையாச் செஞ்சா கீழ்முதுகு வலி குறைய உதவலாம்னு 2017ல சொன்னாங்க. பொம்மையே தொழுதிருச்சு மாப்ளே. நீதான் பாக்கி.

'முறையா'ன்னாங்க பாரு, அங்கதான் நம்ம ஆளுங்க மாட்டுவாங்க. ருகூவுல முதுகு மட்டமா இருக்கணும், மேல தண்ணிக் கிண்ணம் வச்சாலும் சிந்தக் கூடாது. சுஜூதுல நெத்தியும் மூக்கும், ரெண்டு உள்ளங்கை, ரெண்டு முட்டி, ரெண்டு கால்விரல் பக்கம், எல்லாம் தரையில பதியணும். அதுல ஒரு நிதானம் வேணும். நம்மூர்ல சிலரு தொழுறதைப் பாத்தா கோழி கொத்தற மாதிரி இருக்கு. நெத்தி பாய்ல பட்டுச்சா, பாய் நெத்தியில பட்டுச்சான்னு மலக்குமாருங்களுக்கே சந்தேகம் வந்துரும். திருடன்லயே மோசமான திருடன் தன் தொழுகையில திருடறவன்னு ஹதீஸ் இருக்கு. பூட்டு உடைக்க வேண்டியதில்லை, சுவரேற வேண்டியதில்லை, பள்ளிக்குள்ள சப்பு வரிசையில நின்னுக்கிட்டே திருடலாம்.

இப்ப சப்போட ரெண்டு ஓரத்துலயும் பிளாஸ்டிக் நாற்காலி வேற முளைச்சிருக்கு. முடியாதவங்களுக்கு மார்க்கம் ரொம்ப இரக்கமானது. நிக்க முடியலைன்னா உக்காந்து தொழு, உக்கார முடியலைன்னா படுத்துத் தொழு, சைகையில தொழு. முட்டி தேய்ஞ்சவங்க நாற்காலியில உக்காரட்டும், நான் எந்திரிச்சு இடம் விடறேன். ஓடற பஸ்ல தொத்தி ஏறிட்டு, பள்ளிக்குள்ள வந்ததும் முட்டி வலிக்குதுங்கறானே, அவனுக்கு என்ன வியாதின்னு உன் டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்லு.

தொழுகைக்கு முன்னாடி செய்ற ஒளுவைப் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரைக்கும், தலையில ஈரக்கை, கரண்டை வரைக்கும் காலு. நம்ம கம்பம் பள்ளத்தாக்கு வெயில்ல ஹவுள் தொட்டி ஓரத்துல உக்காந்து மூஞ்சியில தண்ணி அடிக்கிற சுகத்தை அனுபவிச்சவனுக்கு விளக்கம் வேண்டாம். ஓடற ஆத்துல நின்னாலும் தண்ணியை வீணாக்காதேங்கிறதுதான் சட்டம். நம்ம ஆளு குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டு, பக்கத்து ஆளுகிட்டப் பருத்தி விலை கேப்பான்.

ஆனா ஒண்ணு மாப்ளே. இதையெல்லாம் கேட்டுட்டு இடுப்புக்குன்னு நிய்யத்து வச்சுக்கிட்டுப் பள்ளிக்கு வந்துராத. தொழுகை நல்ல எக்சர்சைஸ், சுகருக்கு நல்லது, முட்டிக்கு நல்லதுன்னு பேசற கூட்டம் ஒண்ணு கிளம்பியிருக்கு. அல்லாவுக்கு வியாபாரம் மந்தமாயிருக்கிற மாதிரியும், இவங்க போய் விளம்பரம் பண்ணிக் குடுக்கற மாதிரியும் ஒரு பேச்சு. உடம்புக்கு வர்ற நன்மை நிசந்தான், அது கொசுறு. கொசுறுக்காகக் கடைக்குப் போறவனைக் கடைக்காரனுக்குத் தெரியாதா?

மனசுக்கு என்ன லாபம்ங்கறியா? மலேசியாவுல, மலாயா யுனிவர்சிட்டியில, தொழுறவங்க தலையில வயரு மாட்டி மூளை அலையைப் பாத்தாங்களாம். மனசு ஓய்வா இருக்கறப்ப வர்ற ஆல்ஃபா அலை தொழுகையில கூடுதுன்னு 2014ல எழுதினாங்க. நல்ல வேளை, என் தலையில மாட்டலை. எனக்குத் தக்பீர் கட்டினதுக்கப்புறந்தான் தொலைஞ்ச சாவி எங்க இருக்குன்னு ஞாபகம் வரும். ஷைத்தான் வந்து இதை நினைச்சுக்க, அதை நினைச்சுக்கன்னு காதுல ஓதுவான்னு ஹதீஸ்லயே இருக்கு. ஆக, எனக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. சாவி ஞாபகம் வந்தாலும் ஓடிற முடியாது, சலாம் குடுக்கற வரைக்கும் நிக்கணும். அந்த நிக்கறதுதான் மாப்ளே சமாச்சாரம். நாளெல்லாம் மனசு இழுத்த இழுப்புக்கு ஓடற மனுசனை அஞ்சு தடவை ஒருத்தன் பிடிச்சு நிறுத்துறான். சுபுஹுல தூக்கத்துக்கிட்டயிருந்து, லுஹர்ல சோத்துக்கிட்டயிருந்து, அஸர்ல வியாபாரத்துக்கிட்டயிருந்து. உன் மேனேஜர் கூப்பிட்டா நடுராத்திரியும் லேப்டாப்பைத் திறக்கறே, மோதினார் கூப்பிட்டா போர்வையை இழுத்து மூடறே. சம்பளம் தர்றது யாருன்னு உனக்குக் குழப்பம்.

போன வருசம் வரப்புத் தகராறுல என்கூடப் பேசாமப் போனவரு ஒருத்தரு, இஷாவுக்கு என் பக்கத்துலதான் வந்து நிப்பாரு. வேற இடம் கிடைக்கலை, பாவம். தோளு தோளோட ஒட்டணும், எடைவெளி விடக் கூடாதுன்னு ஹஜ்ரத்து சொல்லுவாரு. எத்தனை நாளைக்குத்தான் தோளை ஒட்டிக்கிட்டு மூஞ்சியைத் திருப்பறது? ஒருநாள் சலாம் குடுக்கத் திரும்பினப்ப ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. வரப்பு இன்னும் அங்கதான் இருக்கு.

சீக்கிரம் முடியணும்னு எல்லாரும் ஓதற சின்ன சூராவுல 'அரஅய்த்தல்லதீ' ஒண்ணு. 107வது சூரா, ஏழே ஆயத்து. அது யாரை ஏசுதுன்னு கேட்டிருக்கியா? அநாதையை விரட்டறவனை, ஏழைக்குச் சோறு போடத் தூண்டாதவனை, அப்புறம் தொழுறவனையே ஏசுது. கவனமில்லாம, ஊருக்குக் காட்டத் தொழுதுட்டு, அண்டை வீட்டுக்காரன் அவசரத்துக்குக் கேக்கற சின்னச் சாமானை இல்லைங்கறானே, அவனுக்குக் கேடுங்குது. உப்பு, வாளி, மம்பட்டி, இப்படி. நம்மளை ஏசறதை நாமளே ராகம் போட்டு ஓதிட்டு, சலாம் குடுத்துட்டு வீட்டுக்கு வர்றோம்.

நாளைக்கு சுபுஹுக்கு வந்து சேரு, நான் இடம் பிடிச்சு வைக்கிறேன். வர்றப்ப உங்க பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடப்பாரையைக் குடுத்துட்டு வா. நேத்து சாயங்காலம் கேட்டதுக்கு உங்க வீட்டுல இல்லைன்னுட்டீங்களாம். மாட்டுக்கொட்டாய்ச் செவுத்துல சாத்தி வச்சிருக்கறது எனக்கு இங்கயிருந்தே தெரியுது.