தாயும் தந்தையும் முதலில்

கேள்வி: நாற்பது வயதில் சங்கீதம் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் சுருதி, ஆரோகணம், ஆவர்த்தனம் என்று பேசினால் விழிக்கிறேன். எந்தச் சொல்லிலிருந்து ஆரம்பிப்பது?
– கும்பகோணம் வாசகர்

பதில்: சுருதியை மாதா என்றும் லயத்தைப் பிதா என்றும் பெரியோர் சொல்லிவைத்திருப்பதால், சம்பந்தம் பேசப் போகிறவர் முதலில் பெற்றோரை வணங்குவதுபோலத் தாங்களும் அவ்விருவரிடமிருந்தே தொடங்குவது உத்தமம். தம்புரா இடையறாது மீட்டித் தரும் ஆதாரநாதமே சுருதி. அதைப் பற்றிக்கொண்டு ஸ, ரி, க, ம, ப, த, நி என்னும் 7 ஸ்வரங்கள் ஏறும் வரிசை ஆரோகணம், இறங்கும் வரிசை அவரோகணம். மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களில் 15-ஆவதான மாயாமாளவகௌளையில் சரளிவரிசை என்னும் தொடக்கப் பயிற்சியைப் பாடிப் பழகும் குழந்தையின் அருகில் ஒரு வாரம் உட்கார்ந்தால், இவை மூன்றும் தாமாகவே மனத்தில் பதியும். தாளத்தின் சீரான நடையாகிய லயத்துக்கோ தங்கள் கையே பாடப்புத்தகம்: ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையுமாக 4 அக்ஷரம் (தாள அலகு) கொண்ட லகுவும், ஒரு தட்டும் ஒரு வீச்சுமாக இரண்டிரண்டு அக்ஷரம் கொண்ட இரு திருதங்களும் சேர்ந்து 8 அக்ஷரமானால், அதுவே ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தனம். அகராதியில் படித்த சொல் மறக்கலாம். தொடையில் தட்டிப் படித்த சொல் ஆயுளுக்கும் மறவாது.