நெய்தல் இல்லா நாட்டில் ஞாயிறு மாலை

ஐந்திணைகளில் நெய்தல் மட்டும் கொங்கு நாட்டுக்கு வாய்க்கவில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று எந்த மாவட்டத்தின் எல்லையில் போய் நின்றாலும் கடல் தென்படாது. ஆனால் நெய்தலுக்குரிய சிறுபொழுதும் உரிப்பொருளும் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. எற்பாடு என்பதைப் பிற்பகலாகக் கொள்ளும் உரையாளர் கட்சியை ஒப்புக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி அதற்குள் அடங்கும். அந்நேரத்தில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டின் வாசலில் நின்றாலும் இரங்கல் காதில் விழும்: "போரடிக்குதுங்கம்மா." சென்னையில் இருப்பவர் இதற்கு மெரினாவைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்வார். தூத்துக்குடிக்காரருக்கும் அந்த வசதி உண்டு. கடல் இல்லாதவர் என்ன செய்கிறார் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். முடிபை முதலிலேயே சொல்லிவிடலாம். சிறுபிள்ளைகளோடு வெளியே போவதைக் கெடுப்பது தூரமோ செலவோ கூட்டமோ அல்ல, முன்னறிவிப்புத்தான். அதை நீக்கிவிட்டால் போய்ச் சேரும் இடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. இவ்வொழுக்கத்துக்குத் 'திடீர்த் திணை' என்று பெயர் வைக்கிறோம். இடம் எதுவானாலும் சரி என்றால் நிலமே இல்லாமல் ஒரு திணையா என்று புலவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. பாலை அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

சான்றுகளில் முதன்மையானது கோவை ரேஸ்கோர்ஸ். சுமார் 2.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நடைபாதை ஒரு வட்டம். கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடும் பாதையில் 'போய்ச் சேர்தல்' என்ற கருத்துக்கே வேலை இல்லை. குதிரைகள் ஓடிய காலத்திலும் அவை எங்கும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. இருந்தும் மாலையானால் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே வருகிறார்கள். பெரியவர்கள் நடக்க வருகிறார்கள், அது வேறு துறை. பிள்ளைகளோ பத்தடி நடந்து, ஒரு கல் திண்டின்மேல் ஏறிக் குதித்து, மறுபடி ஏறி, அதே திண்டில் அரைமணி நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். மீதிப் பாதை அவர்களைப் பொறுத்தவரை உபரி. வ.உ.சி. பூங்கா இதையே இன்னொரு வகையில் மெய்ப்பிக்கிறது. 2022-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கிருந்த உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. விலங்குகளைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது என்றால், அன்றோடு அந்தப் பக்கம் வெறிச்சோடியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. பக்கத்து மைதானத்தில் பலூன்காரர் இருக்கிறார், காளான் வண்டி இருக்கிறது. கருப்பொருள் பட்டியலில் உணவும் பறையும் தனித்தனியே வரும், காளான் வண்டியில் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அகன்ற இரும்புக்கல்லில் மசாலா கொதிக்க, கரண்டியை ஓங்கித் தட்டித் தட்டிக் கொத்துகிற ஓசை தெருமுனை வரை கேட்கும். மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தட்டில் வருகிற பண்டத்தில் காளானைவிட முட்டைக்கோஸ் மிகுதி என்பது ஊரறிந்த உண்மை. பிள்ளைகள் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒப்பாய்வுக்கு இரண்டு ரயில்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் ஊட்டி ரயில். 46 கிலோமீட்டர், 16 குகைப்பாதைகள், பல்சக்கரத் தண்டவாளம், 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம். சிறப்புக்கு எந்தக் குறையுமில்லை. ஆனால் இதற்கு டிக்கெட்டை வெகு முன்னதாகவே எடுத்தாக வேண்டும். எடுத்த நாளிலிருந்து "நாளைக்குங்களா?" என்ற கேள்வி தினமும் எழும். ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணத்தில் பிள்ளை கண்கொட்டாமல் பார்ப்பது எதை? நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கிற இடத்தையும், ஹில்குரோவ் நிலையத்தில் பயணிகளின் கையிலிருந்ததைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கையும். இரண்டுமே டிக்கெட்டில் எழுதப்படாதவை. இரண்டாவது ரயில், இருகூர் - போத்தனூர் தடத்தில் வரும் ஏதோ ஒரு கூட்ஸ் வண்டி. பைக்கையோ காரையோ நிறுத்திவிட்டுக் கேட் திறக்கக் காத்திருக்கிறார் தந்தை. அவருக்கு அது இழந்த நேரம். பின்னால் இருக்கும் பிள்ளைக்கோ அன்றைய நிகழ்ச்சியே அதுதான். ஐம்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடக்க, எண்ணிக்கை "இருவத்தொம்பது, இருவத்திப்பத்து" என்று கணிதம் இதுவரை காணாத எண்களுக்குள் நுழைகிறது. கடைசிப் பெட்டி போனதும், "இன்னொண்ணு வருமுங்களா?" முதல் ரயிலில் இருந்து இறங்கிய பிள்ளை இப்படிக் கேட்பது அரிது. மேம்பாலங்கள் வந்து கேட்டுகளை ஒழித்துக்கட்டுவது போக்குவரத்துத் துறைக்கு வெற்றியாக இருக்கலாம், திடீர்த் திணைக்கு அது நிலப்பறிப்பு.

மறுப்பாளர் முதலில் நோம்பியைக் காட்டுவார். ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பவானி கூடுதுறைக்கும் கொடிவேரிக்கும் போனவர்கள் நம் முன்னோர். தைப்பொங்கலை ஒட்டிப் பூப்பறிக்கப் போனவர்களும் அவர்கள்தான். இவையெல்லாம் திட்டமிட்டவை அல்லவா என்பார். அல்ல. நாளைக் குறித்தது பஞ்சாங்கம், இடத்தைக் குறித்தது ஆறு. வீட்டில் உட்கார்ந்து யாரும் விவாதிக்கவில்லை. ஆடி பதினெட்டுக்கு எங்கே போகலாம் என்று அப்பத்தாவிடம் யாரேனும் கருத்துக் கேட்டிருந்தால், கேட்டவருக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் அவர் நினைத்திருப்பார். அதோடு, திட்டம் கைகொடுக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. கோவைக் குற்றாலத்துக்கு முதல் நாளே புளிசாதம் கட்டித் தயாராகலாம். இரவில் மலையில் மழை கொட்டினால் வெள்ளப்பெருக்கு என்று வனத்துறை அருவியை மூடிவிடும். சொல்லிவைத்த பிள்ளைக்கு அது வாக்குத் தவறல். எதுவும் சொல்லாமல் கிளம்பியிருந்தால், வழியில் பேரூர் கோயிலோ உக்கடம் குளத்துக் கூழைக்கடாக்களோ அந்த இடத்தை நிரப்பியிருக்கும். ஏமாற வேண்டுமானால் முதலில் ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஒருமுறை திடீரென்று கூட்டிப்போனால் ஒவ்வொரு ஞாயிறும் அது எதிர்பார்ப்பாகிவிடும், எதிர்பார்ப்பானதும் திடீர்த்தன்மை போய்விடும், ஆகவே திணை தன்னைத்தானே தின்றுவிடும் என்பது அது. வாதம் கூர்மையானது, ஒரு பகுதியை ஏற்றே ஆக வேண்டும். ஆனால் ஐந்து வயதுக்காரரின் எதிர்பார்ப்பு 'வெளியே' என்ற அளவோடு நின்றுவிடும். எங்கே, எப்போது, எதில் என்பவை திறந்தே கிடக்கும். மூன்றில் ஏதேனும் ஒன்றை மாற்றினால் போதும், திணைக்கு மறுபடி உயிர் வந்துவிடும். இதனால் கல்விப் பயன் என்ன என்று கேட்பவருக்கு இருவத்திப்பத்தையே பதிலாகத் தருகிறோம். நால்வர் ஒரே மொபட்டில் போவது சட்டப்படி தவறாயிற்றே என்ற மறுப்பு நியாயமானது, அதற்கு எதிர்வாதம் இல்லை. டவுன் பஸ் இருக்கிறது, அதில் ஏறலாம்.

பொருளாதாரக் கூறும் இங்கேதான் முடிவாகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசுப் பேருந்துகளில் டிக்கெட் வேண்டாம் என்றானது. ஆக இத்திணையில் தலைவியும் ஐந்து வயதைத் தாண்டாத மக்களும் இலவசம், தலைவன் ஒருவனே வருவாய் இனம். எனவே ஞாயிறு நாலரை மணிக்கு "செருப்பத் தொடுங்க சாமி" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, வருகிற சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் ஏறிவிடலாம். தந்தைக்கு ஒரு டிக்கெட், காளானுக்குக் கொஞ்சம் பணம். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், கண்டக்டர் கேட்பார்.