வேட்டி, வெயில், ஈரம்: குழந்தைத் துணிக் கோட்பாட்டுக்கு ஒரு முன்னுரை

ஆய்வுச் சிக்கல்: பிறந்த குழந்தைக்கு எத்தனை துணி வேண்டும்? பிள்ளை பெற்ற வீட்டில் இதைக் கேட்டால் ஆளுக்கொரு எண் கிடைக்கும். "ரெண்டு டஜன் போதும்" என்பது அம்மா கட்சி. "இருக்கிற வேட்டியை எல்லாம் கிழி" என்பது பாட்டி கட்சி. இரண்டும் குழந்தையை வைத்தே கணக்கிடுகின்றன. எண்ணிக்கையைத் தீர்மானிப்பது குழந்தையல்ல, மொட்டைமாடி வெயிலே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

மூலப்பொருள்: புதுத் துணி உடனே உதவாது. தறியில் ஏற்றிய கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் போகும்வரை அது ஈரத்தை உள்ளே விடாது. பல முறை துவைக்க வேண்டும். அந்தப் பூர்வாங்கப் பணியைத் தாத்தா ஆண்டுக்கணக்கில் முடித்து வைத்திருக்கிறார். ஆகவே அவர் இடுப்பிலிருந்து ஓய்வுபெற்ற வேட்டியே உத்தமம். (பணியிலுள்ள வேட்டிகளும் காணாமல் போவது தனி ஆய்வுக்குரியது.) 8 முழ வேட்டியை இரண்டடிச் சதுரங்களாகக் கிழித்தால் ஏறத்தாழ 12 துண்டு தேறும்.

முதல் விதி: பச்சைக் குழந்தை நாளொன்றுக்கு 20 முறைகூட நனைக்கும். சித்திரையில் காலையில் உலர்த்திய துணி மதியத்துக்குள் மடிக்க வந்துவிடும். ஒரு நாள் தேவை, கொஞ்சம் கையிருப்பு: 24 துண்டு. அதாவது 2 வேட்டி.

இரண்டாம் விதி: ஐப்பசி அடைமழையில் துணி காய இரண்டு நாளாகும், குழந்தை அதுவரை பொறுப்பதில்லை. ஆக 48 துண்டு, 4 வேட்டி. எடையும் நீளமும் ஒன்றேயாயினும், ஐப்பசிக் குழந்தை சித்திரைக் குழந்தையைப்போல் இருமடங்கு எனக் கொள்க.

செய்முறை: முக்கோணமாக மடித்து, தொப்புள்கொடி விழும்வரை முடிச்சைத் தொப்புளுக்குக் கீழே போடுக. மலம் பட்டதைத் தனியே அலசுக. சோப்பு முழுதும் போகவேண்டும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் கூடாது. அது இழைமேல் படிந்து உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். மஞ்சள் கறையை வெயிலிடம் விடுக.

மறுப்பும் விடையும்: 1961இல் அமெரிக்காவில் பாம்பர்ஸ் அறிமுகமானது; இன்றைய டயாப்பரில் உள்ள சோடியம் பாலிஅக்ரிலேட் தன் எடையைப்போல் பல மடங்கு ஈரத்தை விழுங்கிக் கூழாகிறது; பிறகு வெயில் எதற்கு என்பர். நன்று. ஆனால் "பிள்ளைக்குப் புண்ணாயிடும்" என்று அதை வாசலிலேயே நிறுத்திய பாட்டி, மழையின் மூன்றாம் நாள் இரவில், கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அந்தக் கருமத்தைத்தான் ஒண்ணு மாட்டி விடேன்டி" என்கிறார். கொள்கையை மாற்றியது குழந்தையா, வானிலையா? கருதுகோள் நிறுவப்பட்டது.

ஆய்வின் எல்லை: ஐப்பசியில் பிறந்த இரட்டையர் இதில் சேர்க்கப்படவில்லை. அதற்குத் தேவையான 8 வேட்டிகளைத் தரத் தாத்தா மறுத்துவிட்டார்.