சித்தப்பாவின் பயணத் திட்டத்துக்கு மெல்பர்னிலிருந்து பதில்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தை வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து படித்தோம். முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் திங்கள் காலை மெல்பர்ன், மாலை உலுரு பாறை, செவ்வாய் பெர்த் என்று போட்டிருக்கிறீர்களே, இது என்ன அம்பாசமுத்திரமும் பாபநாசமுமா? இங்கிருந்து பெர்த்துக்கு விமானத்திலேயே நாலு மணி நேரம். காரில் போனால் 3,400 கி.மீ. தேறும். பெர்த்தை அடித்துவிடுங்கள்.

உலுரு உச்சியில் நின்று போட்டோ எடுக்கிற ஆசையையும் விட்டுவிடுங்கள். அது அனங்கு பழங்குடி மக்களின் புனித இடம். 2019 அக்டோபரிலிருந்து ஏற அனுமதி இல்லை. கிரிவலம் போகலாம், பத்து கி.மீ. சொச்சம். டிசம்பரில் அங்கே வெயில் கொளுத்தும் என்பதால் விடியும்போதே கிளம்பிவிட வேண்டும்.

ஆமாம், இங்கே டிசம்பர் கோடைகாலம். அதற்காகச் சித்தி எடுத்து வைத்த ஸ்வெட்டரைப் பீரோவில் திரும்ப வைக்க வேண்டாம். மெல்பர்னில் மத்தியானம் 38 டிகிரி அடிக்கும், தெற்கிலிருந்து காற்று திரும்பினால் சாயங்காலமே பல் கிட்டிக்கும்.

இனி பெரிய விஷயம், சித்தி கட்டும் மாவடு, கறிவேப்பிலைப் பொட்டலங்கள். விமானத்திலேயே ஓர் அட்டை தருவார்கள். சாப்பாட்டுப் பொருள், செடி, விதை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ போடுங்கள். அதிகாரி பார்த்துவிட்டு விடுவார், இல்லையென்றால் எடுத்துக் குப்பையில் போடுவார். அபராதம் கிடையாது. ‘இல்லை’ என்று போட்டுவிட்டுப் பெட்டியில் மாவடு இருந்தால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும், விசாவே ரத்தாகலாம். கெஞ்சலெல்லாம் எடுபடாது. மோப்ப நாய் ஒன்று சுற்றும். குரைக்காது, கடிக்காது. பெட்டி பக்கத்தில் சாதுவாக உட்காரும், அவ்வளவுதான்.

கறிவேப்பிலைக்கா இத்தனை கெடுபிடி என்று சித்தி கேட்பார். கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பம்தான். அதில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு பொடிப்பூச்சி ஆரஞ்சுத் தோட்டத்தையே காலிபண்ணும் நோயைப் பரப்பும். அந்த நோய் இந்த நாட்டுக்குள் இன்னும் நுழையவில்லை. சித்தியின் பெட்டி வழியாக நுழைய வேண்டாமே! டாண்டினாங் கடைகளில் கறிவேப்பிலை கிடைக்கும். விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது.

சிலந்தி, பாம்பு பற்றி யூடியூப் பார்த்து நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்துக்கும் ஒரே வரியில் பதில்: ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். எனக்கு உங்களை நினைத்துப் பயமெல்லாம் கடலில்தான். தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவன் என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். 1967 டிசம்பரில் இந்த நாட்டுப் பிரதமர் ஹரால்ட் ஹோல்ட் இங்கே செவியட் கடற்கரையில் நீந்தப் போனார். நல்ல நீச்சல்காரர். உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்புறம் மெல்பர்னில் ஒரு பொது நீச்சல் குளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இந்த ஊர்க்காரர்களின் நகைச்சுவையே தனி.

கடற்கரையில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். பக்கத்திலேயே அலை அடிக்காமல், கொஞ்சம் கறுத்த நிறத்தில், வாங்க சித்தப்பா என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு பட்டை தண்ணீர் தெரியும். ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அதுதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் காட்டுங்கள், காவலர்கள் வந்து தூக்குவார்கள். இதைச் சித்திக்கும் படித்துக் காட்டவும்.

கடைசியாக இன்சூரன்ஸ். இங்கே அரசாங்க மருத்துவம் இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குக் கிடையாது. ஆம்புலன்சில் ஏறினாலே ஆயிரம் டாலருக்கு மேல் பில் வரும். ஏற்கெனவே என்ன வியாதி என்று பாரத்தில் கேட்பார்கள். மறைத்தால் பின்னால் பணம் தர மாட்டார்கள். ‘லேசா சுகர்’ என்று எழுதி முடித்துவிடாமல், டாக்டர் சீட்டைப் பார்த்து நிரப்புங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் சித்தி கையால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்