இண்டோர் யூனிட்டின் வடிகுழாய்ச் சாய்மானம்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

சுவரில் தொங்கும் ஸ்பிளிட் ஏசியின் இண்டோர் யூனிட்டிலிருந்து வெளியே செல்வன மூன்று: செம்புக் குழாய் இரண்டு சேர்ந்த இணை, மின்கம்பி, தண்ணீர்க் குழாய். கருவிக்கு ஐ.எஸ். 1391 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதில் ஸ்பிளிட் ஏசிக்கென்றே இரண்டாம் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. செம்புக்கும் கம்பிக்கும் கவலைப்பட ஆட்கள் உண்டு. நெளிநெளியான அந்த வெள்ளைக் குழாயோ அறிஞர் எவராலும் சீண்டப்படாமல் பால்கனி மூலையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அக்குறையை ஒருவாறு நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதற்கண் ஒரு மூடநம்பிக்கையைக் களைய வேண்டும். ஏசி குளிர்ச்சிக்காகப் பிறந்தது என்பர். அன்று. 1902-இல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஓர் அச்சகம், காற்றின் ஈரத்தால் அல்லல்பட்டது. காகிதம் ஈரம் குடித்து விரியும், காய்ந்து சுருங்கும். ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராது. இதற்கு வழி காணும் வேலை வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. ஆக, காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுப்பதே இக்கருவியின் பிறவிப்பயன். நாம் போர்வைக்குள் அனுபவிப்பது உபரி.

இனி அளவை. கடையில் ‘ஒன்றரை டன்’ என்றதும், இவ்வளவு எடையைச் சுவர் தாங்குமா என்று அஞ்சியோர் நம்மிடையே உண்டு. டன் என்பது பனிக்கட்டிக் கணக்கு. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன் திறன். மணிக்கு 12,000 பி.டி.யு. சென்னைவாசிகளுக்கு இந்தக் கணக்கு அந்நியமன்று. அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி விற்ற பிரெடரிக் டியூடரின் கிடங்குதான் கடற்கரைச் சாலையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தப் பனிக்கட்டியில் சுமார் 1,360 கிலோவை ஒரு நாளில் உருக்கிய பலனை, இன்று ஒன்றரை டன் படுக்கையறைப் பெட்டி ஒன்று தருகிறது.

தருவதோடு தண்ணீரும் விடுகிறது. கடலோரக் காற்று ஏறக்குறைய 25 டிகிரிக்கு இறங்கினாலே பனித்துளி கட்டும். உள்ளே காயிலோ 10 டிகிரியை ஒட்டி இருக்கிறது. எனவே சென்னையின் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் வடியும். விடிவதற்குள் ஒரு வாளி. இதே பெட்டி மே மாத டெல்லியின் வறண்ட அனலில் ஏதோ கடமைக்குச் சொட்டும்.

இந்த வாளித் தண்ணீர் எங்கே போகிறது என்பதே ஆய்வுச் சிக்கல். இத்துறையின் மூலநூல் ஏட்டில் இல்லை, வாய்மொழியாக வழங்குகிறது. ஏணியின் மூன்றாம் படியில் நின்று மெக்கானிக் அருளும் சூத்திரம் இது:

“ஒண்ணும் ஆவாது சார்.”

உரை: ‘ஒண்ணும்’ என்பதன் உம்மை முற்றும்மை, கசிவு, ஒழுகல், பூசணம், பெயிண்ட் உப்புதல் அனைத்தையும் தழுவிற்று. ‘ஆவாது’ என்பது எதிர்மறை வினைமுற்று. காலம் காட்டாமையின், கூலி வாங்கிப் படியிறங்கும் வரை எனக் கொள்க. ‘சார்’ விளி, பின்னர் வருந்தப்போவது யார் என்பதைக் குறிப்பால் உணர்த்திற்று. ‘ஆனா பாத்துக்கலாம்’ என முடிப்பாரும் உளர், அது பாடபேதம்.

சூத்திரம் வழுவும் இடம் சாய்மானம். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவாவது வேண்டும். அதாவது மூன்று மீட்டர் போனால் மூன்று சென்டிமீட்டர் இறங்க வேண்டும். கேட்கும்போது எளிது. ஆனால் வழியில் லாஃப்ட் வரும், பீம் வரும், ஃபால்ஸ் சீலிங்கின் கம்பி வரும். குழாய் ஒவ்வொன்றுக்கும் மரியாதை செய்து ஏறி இறங்கும். மேடு ஏறச் சொன்னால் தண்ணீர் ஏறாது. பள்ளத்தில் தேங்கும், அழுக்கும் பாசியும் சேரும், அடைக்கும். காயிலுக்கு அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டு நிரம்பி, நள்ளிரவில் தலையணையில் இறங்கும். சுவர்த் துளையும் வெளிப்பக்கம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். துளைக்குள் வடிகுழாய் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்க வேண்டும். செம்பின் மேல் அதை ஏற்றி டேப் சுற்றினால், சுவருக்குள் யார் கண்ணிலும் படாத ஒரு மலை உண்டாகிறது. துளையை மிச்சம் வைக்காமல் அடைப்பதும் நலம். இல்லையேல் பல்லிகள் குடியேறும்.

செம்பையும் கம்பியையும் பற்றிச் சுருங்கச் சொல்வேன். பெரும்பாலான வீட்டு ஸ்பிளிட்களில் இரு செம்புக் குழாய்களுக்குமே உறை வேண்டும். போடாவிட்டால் குழாய் வியர்க்கும், பழி வடிகுழாயின் மேல் விழும். இணைத்தபின் வேக்கம் பம்ப் போடாமல், கொஞ்சம் வாயுவைத் திறந்துவிட்டுக் காற்றை விரட்டுவது பழைய வழக்கம். இன்றைய ஆர்-32 தீப்பற்றக்கூடிய வாயு. அந்த வழக்கத்துக்கு இனிச் சலுகை கூடாது. இரு பெட்டிகளையும் இணைக்கும் கம்பிகள் எண்ணுக்கு எண் பொருந்த வேண்டும், எர்த் உட்பட. மாறினால் பெரும்பாலும் கருவி ஓட மறுத்து அன்றே முறையிடும். வாயுக் கசிவு சில வாரங்களில் குளிர்ச்சி குறைந்து தெரியும். தண்ணீர் மட்டும் உரிமையாளரிடம் சொல்வதில்லை; கீழ்வீட்டு மாமியிடம்தான் சொல்கிறது. “உங்காத்து ஏசி தண்ணி எங்க கொடித்துணி மேல சொட்டறது” என்பதே இத்துறையில் கிடைக்கும் நம்பகமான களச்சான்று.

அதற்கு அஞ்சிக் குழாயின் முனையைத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் அமிழ்த்தி வைப்போர் வேறு வகைப் பிழை செய்கிறார்கள். காற்று வெளியேற வழியின்றி ஓட்டம் தடைபடும். கழிவுநீர்க் குழாயில் நேரே செருகினாலோ, ஏசி வழியே நாற்றம் வீட்டுக்குள் வரும்.

ஆதலின் வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். கூலியைக் கையில் வைத்துக்கொண்டே, மெயினை அணைத்து, முன்மூடியைத் திறந்து, காயில் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றச் சொல்லுங்கள். அது மறுமுனையில் தடையின்றி விழுவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.